போனை வைக்காத சிஸ்டர்

சிஸ்டர் எந்த அழைப்பையும் முதலில் துண்டித்து நான் பார்த்ததில்லை. "சரிங்க, உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லி முடித்துவிடுவார். அதற்குப் பிறகும் ஹெட்செட் காதிலேயே இருக்கும். எதிர்ப்பக்கம் இருப்பவர் சிவப்புப் பொத்தானைத் தொடும்வரை அவர் கை மேசை மேல் அசையாமல் கிடக்கும். சிலர் தொட மறந்துவிடுவார்கள். போனை அப்படியே தலையணை மேல் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். திரையில் அவர்கள் வீட்டு மின்விசிறி சுற்றும். சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை. காலையில் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு சாயங்காலமே வீட்டுக்குப் போகிறவர்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூலம், சின்னக் கட்டிகள். முன்பு நாலைந்து நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பிய ஆட்களை இப்போது அன்றைக்கே அனுப்பிவிடுவதால், அந்த நாலைந்து நாளை நாங்கள் போனில் பார்த்தோம். அன்று மாலை ஓர் அழைப்பு, மறுநாள் காலை ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. வீடியோவில் தையல் போட்ட இடத்தைக் காட்டச் சொல்வோம். காய்ச்சல், வாந்தி, சிறுநீர், வலி எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வோம். சந்தேகமாக இருந்தால் டாக்டரை இணைப்போம், இல்லையென்றால் உடனே கிளம்பி வரச் சொல்வோம். கேட்பது சிஸ்டர். எண்ணைப் போட்டுக் கொடுப்பதும் பதிலைக் கணினியில் ஏற்றுவதும் நான். நான் படித்தது பி.காம்.

இரண்டாம் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் எங்கள் அறை. எங்களுக்கு முன்பு அதில் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெளுத்த துணி வாசனை கடைசிவரை போகவில்லை. சிஸ்டர் இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் உட்கார்கிற வேலை என்று இதைக் கொடுத்திருந்தார்கள். கனமான உடம்பு, மெல்லிய குரல். கன்னியர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த பழக்கத்தில், யாராவது நல்ல பதிலாகச் சொன்னால் "பொன்" என்பார். காய்ச்சல் இல்லையா, பொன். சாப்பிட்டாச்சா, பொன். பிரெஞ்சில் அதற்கு நல்லது என்று அர்த்தம் என்று எனக்குச் சொன்னார். நோயாளிகளுக்கு அது தெரியாது. ஒரு வயதான அம்மாள் திரையின் ஓரத்தில் நின்றுகொண்டு, "எம் புள்ளய சிஸ்டரு பொன்னு பொன்னுன்னுது பாரு" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. சிஸ்டர் திருத்தவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே அவர் ஏன் போனை வைப்பதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குருசுக்குப்பத்தில் படகு வேலை பார்க்கும் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை முடிந்து மறுநாள் காலை. கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரித்த முகமாகப் பேசினார்.

"வலிலாம் ஒண்ணியும் இல்ல சிஸ்டர். பரவால்ல."

"ஒண்ணுக்குப் போனீங்களா அண்ணே?"

"போனேன், போனேன்."

சிஸ்டர் முடித்துக்கொண்டார். அந்த மனிதர் போனைக் கட்டிலில் போட்டார். திரையில் ஓட்டுக்கூரை. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏன்யா பொய் சொல்ற? ராத்திரிலேர்ந்து ஒரு சொட்டு எறங்கல. அடிவயிறு கல்லாட்டம் கீது."

"சொன்னா திரும்பியும் அங்க வரச் சொல்லுவாங்க. சும்மா இரு."

சிஸ்டர் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்து, "அண்ணே, நான் இன்னும் போவல. இங்கதான் இருக்கேன்" என்றார்.

கட்டில் கிறீச்சிட்டது. ஒரு மணி நேரத்தில் அந்த மனிதர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குழாய் வைத்து எடுத்ததில் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது என்று கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "வெக்கிறேன்னு சொன்னப்பறம்தாம்மா ஜனங்க பேசுவாங்க. அதுவரைக்கும் நமக்குப் புடிச்சதச் சொல்லுவாங்க" என்றார். பிறகு அடுத்த எண்ணைப் போடச் சொன்னார்.

ஓர் அழைப்புக்கு நாலு நிமிடம் என்று மேனேஜர் கணக்கு வைத்திருந்தார். சிஸ்டரின் அழைப்புகள் பத்து, பன்னிரண்டு நிமிடம் போகும். அதற்காக மாதக் கூட்டத்தில் அவர் பெயரைத் தனியாக வாசிப்பார்கள். அவர் தலையாட்டுவார். மறுநாளும் அதே பன்னிரண்டு நிமிடம்.

ஒருமுறை புகாரே வந்தது. மார்பில் கட்டி அகற்றிய ஓர் அம்மாளை ஏழாம் நாள் அழைத்தோம். பேசி முடித்தபின் வழக்கம்போல யாரும் வைக்கவில்லை. அந்த வீட்டில் சண்டை தொடங்கியது. அந்த அம்மாளை யார் எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்று மகனும் மருமகளும் கத்தினார்கள். சிஸ்டர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "மொதல்ல அவங்களுக்கு எதுனா சாப்புடக் குடுங்க, மாத்திர போடணும்" என்று உள்ளே குரல் கொடுத்தார். மறுநாள் அந்த மகன், மருத்துவமனை எங்கள் வீட்டை ஒட்டுக்கேட்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது சிஸ்டர், "நான் ஒட்டுக்கேக்கல சார். அவங்க வெக்கல" என்று மட்டும் சொன்னார்.

அந்த மகன் எழுதியதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கு அப்போது பட்டது. என் வீட்டு மின்விசிறியை முன்பின் தெரியாத ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பிடிக்காது. அதை சிஸ்டரிடமே சொன்னேன். "எனக்கும் புடிக்காது" என்றார்.

நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் ஓய்வுபெற்ற டிரைவர். கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம், "வீட்டுல இதுக்குக் காது கேக்காதும்மா. நாலு வாட்டி கூப்ட்டாதான் திரும்பும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் சிஸ்டரின் போன் மூன்று முறை அடித்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்து யாரென்று பார்க்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை சிஸ்டருக்கு முழங்காலில் ஊசி போடும் நாள். லீவு சொல்லியிருந்தார். மாற்றாக இன்னொரு நர்ஸை அனுப்பும்படி எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் வரவில்லை. மேனேஜர் அறைக்கு வந்து, "லிஸ்ட்ல இருக்கறதப் படிச்சா போதும்மா, நீயே போட்டுடு" என்றார். கேள்விகள் தாளில் வரிசையாக இருந்தன. சில பதில்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் எதிரிலேயே அச்சாகியிருந்தது. பதினாறு எண்கள். அன்று என் அத்தை மகளுக்கு வளைகாப்பு. ஒரு மணிக்கு நான் கிளம்ப வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் அழைத்தது தவளக்குப்பத்தில் ஒரு பெண்மணியை. நாற்பத்தொரு வயது. புதன்கிழமை பித்தப்பையை எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடியோ வரவில்லை. சிக்னல் இல்லை என்றார். நான் வற்புறுத்தவில்லை. காய்ச்சல் இருக்கா என்றேன், இல்லம்மா என்றார். வாந்தி இல்லை. வலி எப்படி என்றேன். "தோள்பட்ட வலிக்குதும்மா, வயிறு கொஞ்சம் உப்புசமா இருக்கு" என்றார். தோள்பட்டை வலி என்பதற்கு எதிரே அச்சாகியிருந்ததைப் படித்தேன். ஆபரேஷன் நேரத்தில் வயிற்றுக்குள் காற்று ஏற்றுவார்கள், அதனால் வருகிற வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். "அப்பிடியா" என்றார். "சரிக்கா, உடம்பப் பாத்துக்குங்க, வெச்சிடுறேன்" என்றேன். வைத்தேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

மீதி எண்களை முடித்துவிட்டு வளைகாப்புக்குப் போனேன். ஐந்து வகைச் சோறு சாப்பிட்டேன்.

அந்தப் பெண்மணிக்குப் பித்தநீர் உள்ளே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கணவர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. காலை ஷிப்டுக்குப் போனவர், மாற்று ஆள் வராததால் இரண்டாம் ஷிப்டையும் பார்த்துவிட்டு வந்தபோது மனைவி தரையில் சுருண்டு கிடந்திருக்கிறார். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வயிற்றைத் திறந்து கழுவினார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் எண் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் வாசலில் நின்று சொன்னார். நான் சரி சார் என்றேன். போட்டுக்கொண்டிருந்த எண்ணின் மீதி இலக்கங்களையும் போட்டேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் பேச ஆரம்பித்தார். அன்று பதினான்கு பேரை முடித்தோம். எதையும் தப்பாக ஏற்றவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பசித்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் எழுந்ததும்கூட எதுவும் மாறியிருக்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். அறுவை செய்த டாக்டர், தலைமை டாக்டர், மேனேஜர், சிஸ்டர், நான். அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அதைப் போட்டார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் அவசரமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. கடைசியில் நான் வெச்சிடுறேன் என்றதும் அந்த அம்மாள் "ம்" என்றார். ஒரு சின்ன இடைவெளி. பிறகு "இல்ல" என்று ஆரம்பித்தார். அதோடு முடிந்தது.

அல்லது அப்படித்தான் எனக்குக் கேட்டது. ஒலி மங்கலாக இருந்தது. தலைமை டாக்டர் இன்னொரு முறை போடச் சொன்னார். "அது என்ன, ஏதோ சொல்ல வர்றாங்களா?" என்று கேட்டார். மேனேஜர் தெரியவில்லை என்றார். எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். கேட்பது என்றால் அந்த மருத்துவமனையில் அவர்தான்.

சிஸ்டர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து மூன்றாவது முறையும் கேட்டார்.

"மூச்சு சார்" என்றார். "வலியில மூச்சு வாங்குறாங்க. பேசல."

தலைமை டாக்டர் எழுதிக்கொண்டார். சனிக்கிழமை மதியமே வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது சிஸ்டர், "அன்னிக்கு நர்ஸ் ஏன் வரல, அத எழுதுங்க" என்றார். மேனேஜர் மேசையைப் பார்த்தார். அதை எழுதினார்களா என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை.

அறைக்குத் திரும்பியதும் சிஸ்டர் டிபன் டப்பாவைத் திறந்தார். நான் உட்காரவில்லை.

"சிஸ்டர், அவங்க இல்லன்னு சொன்னாங்க."

"சொன்னாங்க."

"அப்பறம் ஏன் மூச்சுன்னீங்க?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார். "உன்ன அனுப்பிட்டா நாளைக்கு வேற ஒரு பொண்ண ஒக்கார வெச்சு அதே தாளக் குடுப்பாங்க. அது இன்னும் வேகமாப் படிக்கும்."

எனக்கு அது இரக்கமாகப் படவில்லை. வேலைக்காக என்னை அவர் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார் என்றுதான் பட்டது. அதன்பிறகு, பதிவில் அவருக்குக் கேட்டது எனக்கும் கேட்டது என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக அந்த அறைக்குள் இருந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மேனேஜருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். நாலாவது கடிதத்துக்குப் பிறகு, நர்ஸ் இல்லாத நாளில் அழைப்பு கிடையாது, டாக்டரே அழைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுபக்கம் வைக்கும்வரை காத்திருப்பதை மட்டும் யாரும் உத்தரவில் எழுதவில்லை.

அந்தக் கணவர் மருத்துவமனைக்கு மூன்று முறை வந்தார். முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்தவராம். ஆலையை மூடிய பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போனவர். கையில் ஹெல்மெட்டோடு வரவேற்பு மேசை முன்னால் நிற்பார். சத்தம் போடமாட்டார். "அன்னிக்கு அவ போன்ல என்னா பேசினா, அத மட்டும் கேக்கணும்" என்பார். வழக்குப் போடப்போகிறார் என்று மேனேஜர் பயந்தார். பதிவு தர விதி இல்லை என்று மூன்று முறையும் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நான் லிஃப்டில் ஏறப் போகும்போது அவரைப் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியாது. லிஃப்டுக்கு வழி விட்டு நின்றார். நான் நேரே மேலே வந்து சிஸ்டரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். அவராக என்னைக் கூப்பிட்டது அது ஒன்றுதான். "தவளக்குப்பம் போறேன். வரியா?"

கடலூர் பஸ்ஸில் ஏறினோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் படியேறும்வரை கண்டக்டர் பொறுமையாக நின்றார். அங்கே போய் என்ன சொல்லப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. மார்க்கெட் முக்கில் இறங்கி விசாரித்துப் போனோம். சந்துக்குள் தளம் போட்ட சின்ன வீடு. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் மட்டும் இருந்தார். மருத்துவமனையிலிருந்து வருகிறோம் என்றதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துத் துடைத்துப் போட்டார்.

சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்கு நான் லீவு. எங்க பொண்ணு இது பேசிச்சு. உங்க வீட்டம்மா தோள்பட்ட வலிக்குது, வயிறு உப்புசமா இருக்குன்னாங்க. காத்து வலின்னு சொல்லிட்டோம். கடைசில இல்லன்னு என்னமோ ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள போன் வெச்சாச்சு. என்ன சொல்ல வந்தாங்கன்னு தெரியல. விசாரணையில நான் அது பேச்சு இல்ல, மூச்சுன்னுட்டேன். அது பொய்."

"வெச்சது நான்தாண்ணா" என்றேன். என் குரல் சரியாகத்தான் வந்தது.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதற்கும் தயாராக இருந்தேன். அடித்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். சிஸ்டர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. சிஸ்டர் அசையவில்லை.

"எங்கிட்டயும் அப்பிடித்தாம்மா ஆரம்பிச்சா" என்றார் அவர். "அன்னிக்குக் காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன். வாசல்ல வந்து நின்னா. என்னாடின்னேன். இல்லன்னு இழுத்தா. வந்து பேசிக்கலாம், ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன்."

தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"உங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பாளோன்னுதான் அங்க வந்து வந்து கேட்டேன்."

சிஸ்டர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசினார். அவர்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீடு பற்றி, ஆலை மூடிய வருடம் அவர் மனைவி தையல் மெஷின் வாங்கியது பற்றி, மகளின் கல்லூரி பற்றி. வழக்கு என்ற பேச்சே வரவில்லை. என்னை அவர் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. திடீரென்று நினைவு வந்தவர்போல, "டீ சாப்புடுறீங்களா?" என்று எழுந்தார்.

"குடுங்க" என்றார் சிஸ்டர்.

அவர் சமையலறைக்குள் போனார். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு டப்பாக்களின் மூடி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை எதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. டீ சர்க்கரை இல்லாமல் வந்தது. சிஸ்டர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நானும் குடித்தேன்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பஸ் அரியாங்குப்பம் தாண்டியது.

"அழணும்னா அழு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்" என்றார் சிஸ்டர்.

"வரல சிஸ்டர்."

"எனக்கும் வரல" என்றார். முழங்கால் மேல் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு எத்தினி பேரு?"

"பதினொண்ணு."

"மூணாம் நாள் எத்தினி?"

"நாலு."

"அத மொதல்ல போடு" என்றார்.